ஆறவைத்த பாட்டில்கள்

என் அண்ணிக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. டீ டம்ளரைக் கையில் கொடுத்தால் உடனே குடிக்க மாட்டார். இரண்டு விரலால் பிடித்து ஒரு கணம் யோசித்துவிட்டு, "அறுபத்தஞ்சு இருக்கும், கொஞ்சம் பொறுப்போம்" என்பார். மகள் பாப்பாவுக்குக் குளிக்கத் தண்ணீர் விளாவும்போது புறங்கையை வாளியில் வைத்து "முப்பத்தெட்டு" என்று அறிவிப்பார். அண்ணன் ஒருமுறை தன் வண்டியிலிருந்து வெப்பமானியைக் கொண்டுவந்து வாளிக்குள் விட்டுப் பார்த்தார். முப்பத்தேழரை காட்டியது.

"அரை டிகிரி தப்பு" என்றார் அண்ணன்.

"நீங்க கீழே போய் அதைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அரை டிகிரி ஆறிடுச்சு" என்றார் அண்ணி.

அண்ணன் ஓட்டுவது குளிர்பெட்டி வைத்த பால் வண்டி. அண்ணி வேலை பார்ப்பது இரும்புத் தாதைச் சுத்தம் செய்யும் தொழிற்சாலையின் ஆய்வகத்தில். ஒருவருக்குக் குளிரைக் காப்பாற்றும் வேலை, இன்னொருவருக்குச் சூட்டைக் காப்பாற்றும் வேலை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் உப்பு புளிக்குச் சமமாக டிகிரியும் பேசப்படும். நான் அவர்களோடு அதே வீட்டில் இருப்பதால் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

அண்ணியின் வேலையை நான் புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆயிற்று. சொல்லிவிட்டால் எளிதுதான். வெட்டியெடுத்த இரும்புத் தாதில் வெள்ளை மணலும் கலந்திருக்கும். எல்லாவற்றையும் மாவு போல அரைத்து, பெரிய தொட்டியில் தண்ணீரோடு கலந்து, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். கூடவே ஒரு மருந்தையும் ஊற்றுவார்கள். அந்த மருந்து சோப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு தலை, ஒரு வால். தலை மணல்தூளைப் பிடித்துக்கொள்ளும். வாலுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது, பக்கத்தில் வரும் காற்றுக் குமிழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இப்படிக் குமிழியில் தொங்கிக்கொண்டு மணல்தூள் மேலே வந்து நுரையோடு வழிந்து போய்விடும். இரும்பு அடியில் தங்கும்.

ஒரு கிராம் தூள் எவ்வளவு மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதுதான் அண்ணியின் கேள்வி. பதினோரு வருடமாக அதே கேள்வி. தூளை எடை போட்டு மருந்து கலந்த தண்ணீரில் போடுவார். குலுக்கி என்ற எந்திரத்தின் சூடான தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டிலை மாட்டி மூன்று மணி நேரம் குலுக்க விடுவார். பிறகு சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் எந்திரத்தில் வைத்துச் சுற்றினால் தூள் அடியில் கெட்டியாக உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை எடுத்து, ஒரு சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவார். தண்ணீரில் எவ்வளவு மருந்து மிச்சம் என்று அதில் தெரியும். போட்டதிலிருந்து மிச்சத்தைக் கழித்தால் தூள் பிடித்துக்கொண்டது.

"பஸ் போனப்புறம் ஸ்டாப்புல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு எண்ணுவேன். அதை வச்சு எத்தனை பேர் ஏறினாங்கன்னு சொல்வேன். நான் பஸ்ஸுக்குள்ள எட்டிப் பார்த்ததே இல்ல" என்பார்.

தொழிற்சாலையில் அவருக்குக் 'குலுக்கல் அக்கா' என்று பெயர். அவர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆய்வகத் தலைவர் இரண்டு தாள்களை அவருடைய மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். தொட்டித் தண்ணீரைச் சூடாக்கினால் மருந்துச் செலவு குறையுமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. குறையும் என்றால் ஒரு பெரிய கொதிகலன் வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை அதற்கான கூட்டம். சோதனையை விரைவில் முடிக்க, காலை ஷிப்டில் அண்ணிக்கும் மாலை ஷிப்டில் இன்னொருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார். அந்த இன்னொருவர் எட்டு மாதத்துக்கு முன் சேர்ந்தவர், நாற்பது வயதுக்காரர். படியில் இறங்கும்போதுகூட இரண்டிரண்டாகத் தாண்டுவார். அதனால் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஒரே தூள், ஒரே மருந்து, ஒரே அம்பது டிகிரி" என்றார் தலைவர். "அவருக்குக் கிராமுக்கு நாலு மில்லிகிராம் வருது, உங்களுக்கு ஆறு வருது. சரி, ஆள் மாறினா கொஞ்சம் மாறும்னு வச்சுக்கலாம். ஆனா இருபத்தஞ்சு டிகிரியிலயும் உங்களுக்கு ஆறு. சூடு பண்ணினாலும் ஆறு, பண்ணாட்டியும் ஆறு. எப்படிம்மா?"

"எனக்கு வந்ததைத்தான் எழுதினேன் சார்."

"பழைய நோட்டுப் புத்தகம் ஒன்பதையும் புரட்டிட்டுத்தான் வரேன். நாலு வருஷமா இதே கதை. பழக்க தோஷத்துல இருபத்தஞ்சு கட்டத்தைப் பார்த்து அம்பது கட்டத்துல எழுதிடறீங்களோன்னு கேக்க வேண்டியிருக்கு."

தலைவர் மோசமானவர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அந்த நோட்டுகளை ஒதுக்கிவிட வேண்டியதுதான், அண்ணியையும் சல்லடைக் கொட்டகைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சல்லடைக் கொட்டகை தொழிற்சாலையின் பின்கோடியில் இருக்கிறது. நாள் முழுவதும் தகரத் தட்டுகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களின் கண் இமைகூடத் தாதுத் தூசியால் சிவப்பாக இருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். நான் அழுவார் என்று நினைத்தேன். அவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் பொய் எழுதுறார்னு எனக்குத் தோணல. நானும் எழுதல. அப்ப பொய் சொல்றது யாரு, பாட்டிலா?"

"சாரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணி?"

"கேட்டா கோபம் தீரும். நாலு ஏன் ஆறு ஆச்சுன்னு தெரியுமா?"

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் தேடினார். தராசைச் சரிபார்த்தார். சூட்டுத் தொட்டியில் மூன்று வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். மருந்து ஒரே கேனிலிருந்து வந்ததா என்று பார்த்தார். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது எக்ஸ்பிரஸின் பக்கத்தில் நின்று அவர் எடை போடுவதையும் கலப்பதையும் கவனித்தார். எல்லாம் தான் செய்வது போலவேதான் இருந்தது. அவர் பாட்டில்களைக் குலுக்கியில் மாட்டியபோது பாப்பாவின் பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டது. குலுக்கி எந்திரம் நிற்பதற்கு ஐந்து மணி ஆகும்.

"அதுக்கப்புறம் எப்படிச் செய்வே?" என்று கேட்டார் கிளம்பும்போது.

எக்ஸ்பிரஸ் சுவரைக் காட்டினார். "நீங்க எழுதி ஒட்டியிருக்கிற மாதிரிதான் அக்கா."

சுவரில் அண்ணியின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'பாட்டில்களை ஆறவைத்த பிறகே சுழற்றவும்.' நான்கு வருடத்துக்கு முன், சூட்டுச் சோதனை தொடங்கிய முதல் நாளே, சுடச்சுட வைத்த கண்ணாடி பாட்டில் ஒன்று எந்திரத்துக்குள் வெடித்துச் சிதறியது. எந்திரத்தின் மூடி சாத்தியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண்ணாடித் துகளைப் பொறுக்க அண்ணிக்கு இரண்டு நாள் ஆயிற்று. அன்றைக்கு எழுதி ஒட்டியது அது. அன்றிலிருந்து பாட்டில்களை மரத்தட்டில் வரிசையாக வைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் எந்திரத்தில் வைப்பார்.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் உள்ளே வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏத்தும்போது நாலு டிகிரி. நானே பார்த்து எழுதிக் கையெழுத்து போட்டேன். அந்தக் கடைக்காரன் சீட்டைக் கண்ணால பார்க்கல. கேனுக்குள்ள டிகிரி பார்க்கிற கம்பியை விட்டான், பத்துன்னான், எடுத்துட்டுப் போன்னுட்டான். ஏத்தின சூடு அவனுக்கு வேண்டாமாம், இறக்குற சூடுதான் வேணுமாம்."

"நாலு எப்படிப் பத்து ஆச்சு?" என்று கேட்டேன்.

"பின்கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு. வழியில நின்ன நேரத்துல உள்ள காத்து பூந்துடுச்சு."

அண்ணி கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார். "எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"பாலம் மூடியிருந்தாங்க. ஒரு மணி நேரம் இருக்கும்."

"என் பாட்டில் முக்கால் மணி நேரம் நிக்குது" என்றார் அண்ணி.

அண்ணன் என்னைப் பார்த்தார். "உன் அண்ணி பாட்டிலையும் திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"அதான் அனுப்பிட்டாங்களே!" என்றார் அண்ணி. குரலில் ஒரு துள்ளல். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எங்கள் இருவரையும் மேசையில் உட்காரவைத்தார். "சூட்டுல மூணு மணி நேரம் குலுக்குறேன், சரியா? சூடு தாங்காம பஸ்ஸுலேருந்து கொஞ்சம் பேர் இறங்கிடறாங்கன்னு வச்சுக்கோ. அந்த நேரத்துலயே எண்ணினா ஸ்டாப்புல கூட்டம். நான் என்ன பண்றேன்? பாட்டிலைத் தட்டுல வச்சுட்டு முக்கால் மணி நேரம் வேடிக்கை பார்க்கிறேன். ஆற ஆற இறங்கினவங்க எல்லாரும் திரும்ப ஏறிடறாங்க. அதுக்கப்புறம் போய் எண்ணுறேன். அம்பதுன்னு எழுதுறேன். நான் எண்ணினது அம்பது இல்ல. ஆறிப்போன இருபத்தஞ்சு."

"திரும்ப ஏறுவாங்களா?" என்றேன்.

"அதான் தெரியல. பார்க்கணும்."

அந்தச் சந்தேகம்தான் அவரை உட்காரவிடாமல் செய்தது. அண்ணன், "அப்ப நீ தப்பிச்சே" என்றார். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "இது சரின்னா நாலு வருஷ நோட்டும் தப்பு" என்றார். அதற்குப் பிறகு துள்ளல் கொஞ்சம் அடங்கியது.

வியாழக்கிழமை பாப்பாவைப் பள்ளியிலிருந்து நான் கூட்டிவந்தேன். அண்ணி மாலை ஷிப்டிலும் தங்கினார். எக்ஸ்பிரஸ் வந்ததும் நேராகக் கேட்டாராம்.

"உண்மையைச் சொல்லு. பாட்டிலை ஆறவைக்கிறியா?"

"சுவத்துல எழுதியிருக்கே அக்கா."

"எழுதினதே நான்தான். எனக்கே வாசிச்சுக் காட்டாதே."

எக்ஸ்பிரஸ் தலையைச் சொறிந்தார். "யாருக்கு அக்கா முக்கால் மணி நேரம் இருக்கு? போன வருஷமே கண்ணாடியை எடுத்துட்டு பிளாஸ்டிக் குழாய் கொடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நாமதான் இன்னும் பாட்டில்னே சொல்றோம். பிளாஸ்டிக் எங்கே வெடிக்கப் போகுது? குலுக்கி நின்னதும் சுடச்சுடப் போட்டுடுவேன். சார்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லாம எப்படி?"

"பார்த்தீங்களா! என்னை மாட்டி விட்டுட்டு நீங்க தப்பிக்கப் பார்க்கிறீங்க."

"நான் எங்கேடா தப்பிக்கிறேன்? நீ செஞ்சது சரின்னா நான் செஞ்சது நாலு வருஷத் தப்பு. நீ எட்டு மாசம்தானே ஆச்சு, உனக்கு என்ன கவலை?"

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அதன் பிறகு இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். ஒரே கரைசலில் பன்னிரண்டு குழாய்கள். மூன்று மணி நேரம் ஒன்றாகக் குலுக்கினார்கள். நான்கு குழாய்களை எக்ஸ்பிரஸின் வழக்கப்படி சூட்டோடு சுழற்றினார்கள். நான்கை அண்ணியின் வழக்கப்படி ஆறவைத்துச் சுழற்றினார்கள். மிச்சம் நான்கைத்தான் அண்ணி ஆசையோடு எடுத்துவைத்திருந்தார். அவற்றை ஆறவைத்து, மறுபடி சூட்டுத் தொட்டியில் ஒரு மணி நேரம் குலுக்கி, சூட்டோடு சுழற்றினார்கள்.

முதல் நான்கில் நாலு வந்தது. அடுத்த நான்கில் ஆறு வந்தது. கடைசி நான்கில் சாயம் சொட்டும்போது அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாராம். நாலு வந்தது.

ஏறினவர்கள் மறுபடி இறங்கிவிட்டார்கள். அந்த மருந்து இந்தத் தூளை ஒரேயடியாகக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. கை கோத்துக்கொண்டுதான் நிற்கிறது. சூடு வந்தால் விடுகிறது, ஆறினால் மறுபடி பிடிக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யுமா என்று பார்க்க அண்ணிக்கு ஆசை. குழாய் தீர்ந்துவிட்டது.

இன்னொன்றும் செய்தார். சூட்டோடு சுழற்றிய குழாயை வெளியே எடுத்ததும் அதற்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். நாற்பத்தாறு.

"எந்திரம் சுத்தும்போதே நாலு டிகிரி போயிடுது" என்றார்.

"அப்ப என் அம்பதும் பொய்யா?" என்றார் எக்ஸ்பிரஸ்.

"உன்னுது நாலு டிகிரிப் பொய். என்னுது இருபத்தஞ்சு டிகிரிப் பொய். சந்தோஷப்பட்டுக்கோ."

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன், பன்னிரண்டு குழாய்களின் தாளைத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் இரண்டு முறை படித்தார்.

"அப்ப நாலு வருஷமா அம்பதுன்னு எழுதினதெல்லாம்?"

"அறையில ஏசி இருபத்தஞ்சுல இருக்கு சார். அங்கே ஆறினது. எல்லாம் இருபத்தஞ்சுதான்."

தலைவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு, மாலை ஷிப்ட் ஆனாலும் அண்ணிக்காகவே காலையிலும் வந்து வாசலில் நின்றிருந்த எக்ஸ்பிரஸைப் பார்த்தார். "ஆறவைக்கணும்னு எழுதியிருக்கு. நீங்க ஏன் செய்யல?"

எக்ஸ்பிரஸ் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "அவர் அதன்படி செஞ்சிருந்தா ரெண்டு பேருக்கும் ஆறுதான் வந்திருக்கும் சார். நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க. அந்தத் தாள் கண்ணாடி பாட்டிலுக்கு எழுதினது. குழாய் வந்த அன்னிக்கே நான் கிழிச்சிருக்கணும்."

தலைவர் தாளைக் கிழிக்கவில்லை. மெதுவாக உரித்தெடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூட்டத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தார். இந்த மருந்துக்குச் சூடு ஆகாது, சூடாக்கினால் இன்னும் அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கும் என்பதால் கொதிகலன் வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். அண்ணியிடம், "ஒன்பது நோட்டையும் நீங்களே திருத்திடுங்க. ஒரு பக்கம் விடக்கூடாது. சல்லடைக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றார். பிறகு போகும்போது நின்று, "அந்தக் கடைசி நாலு குழாய் செய்யணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாராம்.

"திரும்ப இறங்குவாங்களான்னு பார்க்கணும்போல இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டார். இறங்குவது யார் என்று தலைவருக்குப் புரிந்ததோ என்னவோ.

சனிக்கிழமை ஆய்வகத்துக்கு அரை நாள்தான். நான் வந்து எண்களை வாசித்தால் சீக்கிரம் முடியும் என்று அண்ணி கூப்பிட்டார். நோட்டுகளில் அச்சடித்த கட்டங்களின் தலைப்பு ஆங்கிலத்தில் இருக்கும், எனக்கு அது வரும். இவ்வளவு நாள் காதால் கேட்ட இடத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். குலுக்கி நான் நினைத்ததைவிடச் சின்னது, தையல் எந்திரம் அளவுதான் இருந்தது. மரத்தட்டில் பாட்டில் நின்ற இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கறை. சுவரில் தாள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

நான் வாசித்தேன். அண்ணி 'ஐம்பது' என்ற இடத்தில் ஒற்றைக் கோடு போட்டு, மேலே 'இருபத்தைந்து' என்று எழுதி, ஓரத்தில் தேதியோடு கையொப்பம் போட்டார். அடித்துக் கறுப்பாக்கவில்லை. பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அங்கே முறை. ஐம்பது, ஆறு. கோடு. ஐம்பது, ஐந்து புள்ளி ஒன்பது. கோடு. இரண்டாவது நோட்டு முடியும்போது அவருக்குக் கை வலித்தது. உதறிவிட்டுக்கொண்டார்.

"வருத்தமா இருக்கா அண்ணி?"

"எண்ணினது எல்லாம் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றார். "பேர்தான் மாத்தி எழுதியிருக்கேன். வாசி."

ஐந்தாவது நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் நான் நின்றுவிட்டேன். ஐம்பது டிகிரி என்று இருந்தது. எண் நான்கு புள்ளி ஒன்று. அதன் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. பக்கத்தில் அண்ணியின் கையெழுத்து: 'தவறு. அவசரத்தில் செய்தது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.'

தேதியைப் பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு முன், பாப்பா பள்ளிப் படிக்கட்டில் விழுந்து முகவாயைக் கிழித்துக்கொண்ட நாள். பள்ளியிலிருந்து போன் வந்ததும் அண்ணி வேலையைப் பாதியில் விட மனமில்லாமல், ஆறவைக்காமல், பாட்டிலைச் சுடச்சுட எந்திரத்தில் போட்டுச் சுற்றி, எண்ணை எழுதிவிட்டு ஓடியிருக்கிறார். மறுநாள் வந்து பார்த்தபோது எண் மற்றவற்றோடு ஒட்டவில்லை. பதற்றத்தில் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவரே அடித்துவிட்டார்.

நான்கு வருடத்தில் சூட்டில் எண்ணிய எண் அது ஒன்றுதான்.

அண்ணி இரண்டு விரலை அந்த எண்ணின் மேல் வைத்தார், டீ டம்ளரைத் தொடுவது போல.

"கண்ணாடி பாட்டில்" என்றார். "வெடிக்காம இருந்ததே பெரிசு." பிறகு, "இது அன்னிக்கே சொல்லியிருக்கு. நான்தான் வாயை அடைச்சுட்டேன்" என்றார்.

பேனாவை எடுத்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுதினார்: 'சரி. சூட்டோடு சுழற்றியது.' டிகிரிக் கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது.

"ஐம்பதுன்னே இருக்கட்டுமே அண்ணி, இது ஒண்ணாவது" என்றேன்.

"நாப்பத்தாறா, நாப்பத்தேழா? கண்ணாடி வேற வேகத்துல ஆறும். அன்னிக்கு உள்ள கம்பியை விட்டுப் பார்க்கலியே."

ஐம்பதின் மேல் கோடு போட்டு, மேலே ஒரு கேள்விக்குறி மட்டும் எழுதிக் கையொப்பமிட்டார். அலமாரியின் மேல் தட்டைப் பார்த்தார். அங்கே தூசி படிந்த பழைய கண்ணாடி பாட்டில்கள் நான்கைந்து கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"திங்கட்கிழமை அதுல ஒண்ணுல வெந்நீரை ஊத்திப் பார்க்கணும், எவ்வளவு வேகமா ஆறுதுன்னு" என்றார். "சரி, அடுத்ததை வாசி."